சாட்சிக் கையெழுத்து

ஜூன் 2, ஞாயிறு

இன்று நான் சொல்லாதவை மூன்று. ரசத்தில் உப்பு இல்லை என்று சொல்லவில்லை. அக்கா கட்டி வந்த சேலை, போன தீபாவளிக்கு நான் கேட்டு ‘உன் நிறத்துக்கு எடுக்காது’ என்று மறுக்கப்பட்ட அதே சேலை என்று சொல்லவில்லை. மூன்றாவதை இங்கேயும் எழுதப் போவதில்லை.

அம்மாவின் திதி. எல்லாரும் சாப்பிட்டு எழுந்ததும் அப்பா துண்டில் கை துடைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். தென்னந்தோப்பும் மேட்டுக்காடும் அண்ணன் தினகரன் பேரிலேயே இருக்கட்டும். பெண்கள் இருவரும் ‘எங்களுக்குப் பங்கு வேண்டாம்’ என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் பின்னால் தகராறு இல்லை. பத்தொன்பதாம் தேதி புதன்கிழமைக்குப் பதிவு அலுவலகத்தில் டோக்கன் வாங்கியாயிற்று. டோக்கன் வாங்கிய பிறகு சம்மதம் கேட்டார்.

“சுகந்தி, நீ என்ன கண்ணு சொல்லறே?”

அக்கா அதற்காகவே திருப்பூரிலிருந்து வந்தவள் போல எழுந்து நின்றாள். “மண்ணு கெடக்குதுங்ப்பா. நீங்க வாசல்ல நின்னு ‘வா கண்ணு’ன்னு கூப்புட்டா எனக்கு அது போதும். எங்கண்ணன் நல்லா இருந்தா நா நல்லா இருந்த மாதிரி.”

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணி உள்ளே போய் அக்காவுக்கு இன்னொரு டம்ளர் பாயசம் கொண்டுவந்தாள்.

“சின்னவளே, நீ?”

நான் பந்தி போட்ட இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தேன்.

“அவ எப்பவுமே வாயத் தொறக்க மாட்டா,” என்று அப்பா சிரித்தார். “சரின்னு அர்த்தம்.”

கையெழுத்துப் போடும் தங்கைகளுக்கு அண்ணன் பட்டு எடுத்துத் தருவது எங்கள் வீட்டு வழக்கம். அத்தைகளும் அப்படி வாங்கியவர்கள்தான். அக்காவுக்கு மயில் கழுத்து நிறம், எனக்கு மாம்பழ மஞ்சள். ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கிறார்கள்.

நிலத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்? எனக்குத் தேங்காய் உரிக்கக்கூடத் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது, அது வேறு விஷயம்.

ஜூன் 4, செவ்வாய்

வேலை கிடைத்தது. ஒரு மாதத்துக்கு மட்டும். கோவையில் இடிக்கப் போகிற ஒரு கல்யாண மண்டபத்தில் நாடகம் போடுகிறார்கள். நானூறு வருஷத்துக்கு முந்தைய ஆங்கில நாடகம். கிழட்டு அரசன் ஒருவன் மூன்று மகள்களையும் கூப்பிட்டு, யாருக்கு என்மேல் எவ்வளவு அன்பு என்று கேட்டு, அதன்படி நாட்டைப் பிரித்துக் கொடுக்கிற கதை. அதற்குத் தமிழ்ப் பேச்சு, இன்றைய உடை. அரசன் சஃபாரி சூட் போட்டிருப்பான். மேடை கிடையாது, நாற்காலி கிடையாது. பார்வையாளர் அறுபது பேர், நடிகர்களின் பின்னாலேயே அறை அறையாக நடக்க வேண்டும்.

முடிந்து வெளியே வருகிறவர்களிடம் ‘அனுபவ அட்டை’ வாங்கித் தொகுத்து எழுதுவது என் வேலை. உதவி செய்கிற அறக்கட்டளைக்கு அறிக்கை வேண்டுமாம்.

இயக்குநர் நிரஞ்சன் அந்த ஆங்கில ஆசிரியரின் பெயரைச் சொல்வதில்லை. “பேரைச் சொன்னா மக்கள் பயந்துடறாங்க. நாங்க ‘மூலவர்’னுதான் சொல்வோம்,” என்றார். அப்படியானால் மாலை போட்டுக்கொண்டு வீதி உலா வருகிற உற்சவர் யார் என்று நான் கேட்கவில்லை. அவர் கழுத்தில் மூன்று மணிமாலைகள் இருந்தன.

என் பேனாவைப் பார்த்து, “பச்சை மை! யூனிக்!” என்றார். வீட்டில் இதையே ‘பெரிய தாசில்தாரு’ என்பார்கள்.

ஜூன் 8, சனி

முதல் காட்சி, மாலை நாலு மணி.

வாசலில் வாழை மரம் கட்டி, பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து வரவேற்றார்கள். எல்லாம் இயக்குநர் யோசனை. விளைவு: வந்தவர்களில் பாதிப் பேர் கல்யாணத்துக்கு வந்த மனநிலைக்குப் போய்விட்டார்கள். ஒருவர் பரிசுக் காகிதம் சுற்றிய சுவர்க்கடிகாரத்தோடு வந்தார். அது நாடகம் என்று சொன்ன பிறகும் அதை எடுத்துப்போக மனமில்லாமல் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது மணமகள் அறையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

நாடகம் தொடங்குவது சாப்பாட்டுக் கூடத்தில். அரசன் நீள மேசையில் பத்திரத்தை விரிக்கிறான். மகள்கள் ஒவ்வொருவராக மைக்கில் அன்பைச் சொல்கிறார்கள். மூத்தவள், நடுவுள்ளவள் இருவரும் பொழிந்து தள்ளுகிறார்கள். கடைசி மகள் மைக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறாள். அரசனுக்குக் கோபம், அவள் பங்கை அடித்துவிட்டு, பார்வையாளர்களைக் கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்குகிறான். ‘சாட்சி சொன்னவர் எல்லாம் குற்றவாளிதான் என்று மக்கள் உணரணும்,’ என்பது நிரஞ்சனின் கோட்பாடு. மக்கள் உணர்ந்ததாகத் தெரியவில்லை. வரிசையில் முண்டியடித்துப் போட்டார்கள். ஒரு அம்மா இரண்டு தடவை போட்டார்.

புயல் காட்சி சமையற்கட்டுக்குப் பின்னால். ஜெனரேட்டர் விசிறி, தோட்டத்துக் குழாய். மழைக்கோட்டு ஐம்பதுதான் இருந்தது.

அட்டைகளில் ஒரே கேள்வி: ‘இந்த அனுபவம் உங்களுக்குள் எதைத் திறந்தது?’ வந்த பதில்களில் சில:

‘எதுவும் திறக்கவில்லை. மணமகன் அறைத் தாழ்ப்பாள் உட்பட. இருபது நிமிடம் உள்ளே மாட்டிக்கொண்டேன்.’

‘அரசர் பாவம். ஆனால் பந்தி இல்லை என்று முன்பே சொல்லியிருக்கலாம்.’

‘காட்டன் புடவை என்பதால் தப்பித்தேன்.’

‘எங்கள் மாமனாரை அழைத்து வந்து காட்ட வேண்டிய நாடகம். வர மாட்டார்.’

நிரஞ்சன் எல்லாவற்றையும் படித்துவிட்டு, “இன்னும் ஆழமா ஏதாவது இருக்கா?” என்றார்.

ஜூன் 9, ஞாயிறு

இரண்டாம் காட்சி. கடைசி மகள் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றபோது என் பக்கத்தில் நின்ற கண்ணாடிக்காரர் தன் மனைவியிடம், “பாத்தியா, என்ன தைரியம்!” என்றார். மனைவி, “தைரியமா? வாயில்லாப் பூச்சி,” என்றார். இருவரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டு போனதில் புயலைத் தவறவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சாக்கடை அடைப்பு எடுத்தேன்.

ஜூன் 10, திங்கள்

நேற்றைய பெட்டியில் பெயரில்லாத அட்டை ஒன்று இருந்தது. நிரஞ்சன் எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து அதை உரக்கப் படித்தார்:

‘அவள் பேசாமல் நின்றது தைரியம் என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எனக்கும் வேண்டும் என்று கேட்பது அசிங்கம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் அவள். பேசாமல் இருந்தால் நல்லவள் என்பார்கள். நல்லவள் என்ற பட்டத்தை வைத்துக்கொண்டு நாடில்லாமல் போனாள்.’

அரசனாக நடிக்கும் மோகனரங்கம், “இது யாருய்யா எழுதினது?” என்றார். அவர் வங்கி மேலாளர். எதிலும் பெயரும் தேதியும் இல்லாவிட்டால் அவருக்குப் பொறுக்காது.

யார் எழுதியது என்று தெரியவில்லை. பச்சை மை பலரிடமும் இருக்கிறது.

ஜூன் 12, புதன்

அக்கா போனில்: “ஏண்டி, நீ வேல பாக்கறது என்ற கல்யாணம் நடந்த மண்டபத்துலயா? சொல்லவேயில்ல? இடிக்கறதுக்குள்ள ஒருக்கா பாத்துப்போடோணும். அப்பாவையும் அண்ணனையும் கூட்டிட்டு ஞாயித்துக்கெழம வாறேன்.”

அது புரியாத நாடகம், நின்றுகொண்டே பார்க்க வேண்டும், அப்பாவுக்கு முழங்கால் வலி என்றெல்லாம் சொன்னேன்.

“நாடகம் கெடக்குது. நா மண்டபத்தைப் பாக்கோணும்.”

ஜூன் 15, சனி

மண்டப வாசலில் ஃபிளெக்ஸ் பேனர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரில்லாத அட்டை. அச்செழுத்தில் போட்டிருக்கலாம். ‘கையெழுத்துலதான் உயிர் இருக்கு’ என்று நிரஞ்சன் அப்படியே படமெடுத்து ஆறடிக்குப் பெரிதாக்கிவிட்டார். பச்சை எழுத்து ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். மெயின் ரோட்டிலிருந்தே படிக்கலாம்.

வாழை மரத்தைப் பேனருக்கு முன்னால் நகர்த்திக் கட்டினேன். நிரஞ்சன் வந்து பழைய இடத்துக்கே மாற்றிவிட்டார். மறுபடி நகர்த்தினேன். “உங்களுக்கு அந்த கார்டு மேல என்ன பொறாமை?” என்று கேட்டார்.

மின்வாரியத்துக்கு மனு, சொட்டுநீர் மானிய விண்ணப்பம், கூட்டுறவு சங்கத்துக்குக் கடிதம் என்று பன்னிரண்டு வருஷமாக அப்பாவுக்கு எல்லாம் எழுதித் தருவது நான்தான். இதை எதற்காக எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

நீளமாக எழுத வேண்டும். கை வலித்தாலும்.

மூவரும் மூன்றரைக்கே வந்துவிட்டார்கள். அக்கா நேராக மணமகள் அறைக்குப் போய், “இங்கதான்டி எனக்கு ஜடை தச்சாங்க,” என்று ஒவ்வொரு சுவரையும் தொட்டாள். அண்ணன் வாசலிலேயே போன் பேசிக்கொண்டிருந்தான்.

அப்பா பேனர் முன்னால் நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாழையிலையை ஒதுக்கிவிட்டு, மேலிருந்து கீழ்வரை படித்தார். ஒருமுறை படிக்க ஆகிற நேரத்தைவிட அதிக நேரம் நின்றார். நான் சந்தனக் கிண்ணத்தோடு பக்கத்தில் போனேன். என்னைப் பார்க்காமல், “போலாமா?” என்றார்.

சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் தொடங்கியது. மகள்கள் பேசினார்கள். கடைசி மகள் பேசவில்லை. அரசன் அவள் பங்கை அடித்தான். சாட்சிகளைக் கூப்பிட்டான். வரிசையில் அப்பா மூன்றாவது. பேனாவைக் கையில் கொடுத்ததும் கீழே வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார்.

“பெரியவரே, கையெழுத்து,” என்றான் அரசன்.

“இருங்க. என்ன ஏதுன்னு படிக்காம எப்படிப் போடறது?”

அறுபது பேர் நிற்க, அப்பா பத்திரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

“‘மண்டபத்தினுள் பட்டாசு வெடிக்கலாகாது. சமையல் பாத்திரங்களை எண்ணித் திருப்பித் தர வேண்டியது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை ஐந்து மணிக்கு மேல்தான் சாவி தரப்படும்...’ ஏனுங்க ராசா, இதுல நாடு எங்கீங்க இருக்குது?”

கூடமே வெடித்தது. மண்டப வாடகை ஒப்பந்தத்தின் நகல் அது. பத்திரம் மாதிரி இருக்கட்டும் என்று அலுவலக அறையில் கிடந்ததை எடுத்து வைத்திருக்கிறார்கள். இதுவரை நூற்றெண்பதுக்கும் மேற்பட்டவர்கள், பாத்திரங்களை எண்ணித் திருப்பித் தருவதற்குச் சாட்சிக் கையெழுத்து போட்டிருக்கிறார்கள். மோகனரங்கம் சஃபாரி சூட்டோடு குனிந்து, “அடக் கடவுளே,” என்றார். அவரும் போட்டிருந்தார், வங்கியில் ‘படித்துப் பார்த்துக் கையெழுத்திடவும்’ என்ற பலகைக்குக் கீழே உட்காருகிற மனிதர்.

அத்தோடு விட்டிருக்கலாம். அப்பா விடவில்லை. அழுதுகொண்டு நின்ற கடைசி மகளைக் காட்டினார்.

“அது போகட்டும். பெரிய புள்ளைங்களுக்குப் பேசத் தெரிஞ்சுது, பேசிச்சுங்க. இந்தப் புள்ளைக்கு வாய் வரல. வாய் வரலங்கறதுக்காகப் பங்கு இல்லேன்னுபோட்டா என்ன நாயமுங்க? பெத்தவனுக்குத் தெரியாதா அது மனசுல என்ன இருக்குதுன்னு? அந்தப் புள்ளைக்கும் ஒரு பங்கு போடுங்க. போடாம நா கையெழுத்துப் போட மாட்டேன்.”

முதலில் அக்கா கைதட்டினாள். எங்கள் அக்காதான். பிறகு எல்லாரும். கடைசி மகளாக நடித்த பெண் வசனத்தில் இல்லாத அழுகை அழுது அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவள் தலையில் கைவைத்து, “அழுகாத கண்ணு,” என்றார். அந்தக் குரலை நான் அம்மா இறந்த அன்றுதான் கடைசியாகக் கேட்டேன். நிரஞ்சன் மாடிப்படியில் நின்று, கன்னத்தில் கண்ணீர் வழிய, போனில் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் மட்டும் தட்டவில்லை. அவன் போனையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் தூணுக்குப் பின்னால் அட்டைகளை அடுக்கினேன். அடுக்கி முடித்ததைக் கலைத்து மறுபடி அடுக்கினேன்.

இன்றைய பதில்கள்:

‘அந்தப் பெரியவரின் நடிப்பு அபாரம். எந்தக் குழு?’

‘இப்படி ஓர் அப்பா எல்லாருக்கும் வாய்க்க வேண்டும்.’

‘நல்ல நாடகம். ஏசி இல்லை.’ (இது அக்கா.)

பஸ்ஸில் அப்பா உற்சாகமாக இருந்தார். “அந்த ராசா நல்ல மனுசன், சொன்னாக் கேட்டுக்கறான்,” என்றார். இறங்கும்போது அண்ணனிடம், “புதங்கெழமைக்கு வெள்ளை வேட்டி தேய்க்கக் குடுத்தாச்சா?” என்று கேட்டார்.

ஜூன் 17, திங்கள்

நிரஞ்சன் ஞாயிற்றுக்கிழமைப் படத்தை இணையத்தில் போட்டிருக்கிறார். ‘நான்காவது சுவர் உடைந்த தருணம்’ என்று தலைப்பு. நடிகருக்கும் பார்ப்பவருக்கும் நடுவில் இருப்பதாக நாடகக்காரர்கள் சொல்லும் சுவராம். உடைந்தது எது என்று அவருக்குத் தெரியாது.

சாயங்காலம் அண்ணனிடம், பத்திர நகலைப் படிக்க வேண்டும் என்றேன்.

“அதுல படிக்க என்ன இருக்குது? எல்லாம் பத்திர வெண்டர் எழுதறதுதான்.”

அப்பா வாசலில் இருந்தார். நேற்று ஊரே கைதட்டிய வாய் அது, மறுக்க முடியாது. “குடு, படிக்கட்டும்,” என்றார், என்னைப் பார்க்காமல்.

ஆறு பக்கம். நான்காம் பக்கத்தில்: ‘என் சகோதரர்பால் எனக்குள்ள இயற்கையான அன்பினாலும் பிரியத்தினாலும், பிறர் தூண்டுதல் ஏதுமின்றி, முழு மனச் சம்மதத்துடன்...’

மூலவரின் நாடகத்தில் அன்பைச் சொன்னால் நிலம் தருகிறார்கள். எங்கள் வீட்டில் அன்பைச் சொல்லி நிலத்தைக் கொடுத்துவிட வேண்டும். சொல்கிற வேலை இரண்டிலும் பெண்களுக்குத்தான். இங்கே வெண்டரே முன்கூட்டி எழுதிவிடுவதால் அந்த வேலையும் மிச்சம்.

எண்ணித் திருப்பித் தர வேண்டிய பாத்திரங்கள் பற்றி எதுவும் இல்லை.

ஜூன் 18, செவ்வாய்

ரவிக்கை தைத்து வந்தது. சரியாக இருக்கிறது. மாவாட்டினேன்.

ஜூன் 19, புதன்

சார்பதிவாளர் முன்னால் நின்றோம். அக்கா மயில் கழுத்து நிறத்தில். நான் சுடிதாரில், சேலை கட்ட நேரமில்லை என்றேன். அப்பாவின் வேட்டி மொடமொடவென்று இருந்தது.

“படிச்சுப் பாத்தீங்களாம்மா? யாரும் கட்டாயப்படுத்தலையே?” சார்பதிவாளர் கணினியை விட்டுத் தலை தூக்கவில்லை.

“இல்லீங்க,” என்றாள் அக்கா.

“நீங்கம்மா?”

“படிச்சேனுங்க,” என்றேன். “எனக்கும் பங்கு வேணுங்க.”

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை; அப்பாவைப் பார்த்தார். “இதையெல்லாம் வீட்லயே பேசிட்டு வரமாட்டீங்களாய்யா? அடுத்த டோக்கன்!”

வெளியே புங்கமரத்தடியில் அண்ணன் ஏதேதோ சொன்னான். ‘பொஸ்தகம் படிச்ச திமிரு’ என்பது மட்டும் நினைவிருக்கிறது. அக்கா, “கேட்டிருந்தா அண்ணனே குடுத்திருக்குமே,” என்றாள். யாரிடம், எப்போது, என்ன கேட்டிருந்தால் என்று சொல்லவில்லை.

அண்ணன் வண்டியில் என்னை ஏற்றவில்லை. அப்பாவும் ஏறவில்லை. இருவரும் பஸ்ஸில் வந்தோம். பாதி வழியில் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டார்:

“அந்தப் பேனர்ல இருந்தது உன்ற கையெழுத்துத்தானே?”

“ஆமாங்ப்பா.”

பஸ் டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமையே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் ராஜாவிடம் நியாயம் கேட்டார். தெரிந்துதான் வேட்டி தேய்க்கக் கொடுத்தார்.

ஜூலை 3, புதன்

அறிக்கை கொடுத்துவிட்டேன். ‘பார்வையாளர்களில் பெரும்பாலோர் கண் கலங்கினர்’ என்று எழுதினேன். கண் கலங்கிய பிறகு என்ன செய்தார்கள் என்பதற்கு அட்டையில் கேள்வி இல்லை.

அப்பா பேசுவதில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறார். உப்பு இல்லை என்றால் தானே எழுந்து போய் எடுத்துக்கொள்கிறார்.

ஜூலை 14, ஞாயிறு

நாடகத்தில் அப்பா பேசிய படம் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. யார் அனுப்பினார்கள் என்று தெரியவில்லை. இருநூற்றுப் பதினாறு பேர் இருக்கிற குழு.

காலையில் டீக்கடையிலிருந்து அப்பா பாதி டீயில் எழுந்து வந்துவிட்டார். பால் சொசைட்டி ராக்கியண்ணன் கேட்டாராம்: “ஏனுங்க சென்னியப்பண்ணா, ஊரான் புள்ளைக்குப் பங்கு வாங்கிக் குடுக்கறீங்க. உங்க சின்ன அம்மிணிக்கு எப்பங்க?” கடையே சிரித்ததாம். அண்ணி இதை என்னிடம் சொல்லவில்லை. எனக்குக் கேட்கிற மாதிரி பாத்திரங்களிடம் சொன்னாள்.

ஜூலை 21, ஞாயிறு

இன்றைக்கு டீக்கடைக்கே போகவில்லை. வீட்டில் போட்டுக் கொடுத்தேன். குடித்தார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மண்டபத்தை இடித்துவிட்டார்கள். அண்ணன் என்னோடு பேசுவதில்லை. மாம்பழ மஞ்சள் சேலையை அண்ணி கடையில் கொடுத்து வேறு நிறம் மாற்றிக்கொண்டாள். வியாழக்கிழமை அப்பா யாரிடமும் சொல்லாமல் சர்வேயரைக் கூட்டி வந்து தோப்பையும் காட்டையும் அளந்து, மூன்று பங்காகக் கல் நட்டார்.